தாம்போதியில் பிடிக்கும் வயிறு

என் வயிற்றைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். பாதி வழியில் இறங்குகிறவர்களோடு கோபிக்கிற வயது போய்விட்டது.

சண்டை முடிந்து பாதைகள் திறந்தபின் மன்னார் பட்டினத்துக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டினேன். காலையில் ஒரு தடவை போய் வருவேன். பிறகு பதினொரு மணிக்குப் புறப்பட்டுப் போய், சிலாவத்துறையில் சாப்பிட்டு, இரண்டு மணிக்குத் திரும்புவேன். ஆகவே தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற தாம்போதியை ஒரு நாளைக்கு நான்கு தடவை கடக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், தீவுப் பக்க முனையில் பாலம். நடுவில் ஒரு பற்றை, மரம்கூடக் கிடையாது. அவசரத்துக்கு ஒருவன் ஒதுங்க இதைவிட மோசமான இடத்தை யாரும் கட்டியிருக்க முடியாது.

அங்கேதான் என் வயிறு பிடிக்கும். காலையில் போகும்போது இலேசாகப் பிசையும், பாலம் தாண்டியதும் விட்டுவிடும். சாப்பிட்டுத் திரும்பும் பயணம்தான் பொல்லாதது. தாம்போதியில் பஸ் சில்லு ஏறியதும் தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல இருக்கும். பாலம் கண்ணில் படும்போது உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, கற்களில் இறங்கித் தண்ணீர் ஓரமாகக் குந்துவேன். பயணிகள் மரியாதைக்கு மறு பக்கம் திரும்பி நாரைகளைப் பார்ப்பார்கள். பாதி நாட்களில் ஒன்றும் வராது. வெறும் பிடிப்பும் வியர்வையும்தான். எழுந்து வரும்போது எனக்கு வருகிற வெட்கம் கோபமாகத்தான் வெளியே வரும். கொண்டக்டரை ஏசுவேன், கதவடியில் நிற்கிறவரை ஏசுவேன்.

உரிமையாளர் ஒரு நாள் பஸ் நிலையத்துக்கே வந்து சொன்னார். "மூண்டு பேர் முறைப்பாடு சொல்லிப்போட்டினம். கொழும்பு பஸ்ஸைத் தவற விட்டவையாம். வயித்துக்கு என்னவும் பாருங்கோ. இல்லாட்டி திறப்பைத் தரவேண்டி வரும்."

ஐம்பத்தைந்து வயதுக்காரனிடம் வேறு யார் ஒரு பஸ்ஸின் சாவியைக் கொடுப்பார்கள்? எனக்கு வேறு தொழிலும் தெரியாது. கடல் எனக்கு ஒத்துவராது என்று பதினேழு வயதிலேயே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். சிலாவத்துறைத் தேத்தண்ணிக் கடை நானா. முஸ்லிம் ஆட்களை நாங்கள் அப்படித்தான், அண்ணன் என்ற பொருளில், கூப்பிடுவோம்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் சாப்பிடும்போது இன்னொருவர் அந்தச் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், உண்டது செமிக்காமல் வயிறு பிசையும் என்பார்கள். அதற்குக் கொதி என்று பெயர். கொதி பார்த்துக் கழிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். என் மனைவி அதில் ஒருத்தி. ஓலைத்தொடுவாயில் பிறந்தவள், தாயிடமிருந்து பழகியது. பின்னேரம் நான் வீடு வந்ததும் ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் எடுத்து, வாய்க்குள் செபம் சொல்லி, மூன்று தரம் ஊதி, என் நெற்றியில் சிலுவை போட்டுக் குடிக்கத் தருவாள். தருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள்.

"இண்டைக்கு ஆர் பாத்தது?"

"அந்தக் கடைக்காரன்தான்."

நான் பொய் சொல்லவில்லை. அந்த மனுசன் உண்மையிலேயே பார்ப்பார். என் வயதுதான் இருக்கும். காசு மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தபடி, நான் சோற்றில் கை வைத்ததிலிருந்து கடைசி வாய் வரைக்கும் சோற்றுக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். வேறு ஆள் வந்து பீடி கேட்டால்கூடக் கை போய் எடுத்துக் கொடுக்கும், கண் என் கோப்பையில்தான். நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். முதுகுக்குள்ளால் பார்ப்பது போல இருந்தது. அவசரம் அவசரமாக விழுங்கி, கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு எழும்புவேன். ஒரு நாள் பொறுக்க முடியவில்லை.

"நானா, என்ரை கோப்பையிலை அப்பிடி என்ன பாக்கிறியள்? உங்கட கடைச் சோறுதானே."

"ஒண்டுமில்ல அண்ணன். சும்மா."

"உங்கட சும்மாவாலைதான் நான் தாம்போதியிலை குந்திறன்."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து பின்பக்கம் போய்விட்டார். எனக்கு அப்போது பெரிய வெற்றி மாதிரி இருந்தது. அடுத்த நாளிலிருந்து வீட்டிலிருந்து பார்சல் கொண்டுபோய் பஸ்ஸுக்குள் இருந்தே சாப்பிட்டேன்.

வயிறு அப்போதும் பிடித்தது. கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிடிவாதக்காரனுக்குக் காரணம் தட்டுப்படாமல் போகாது.

மனைவியின் நச்சரிப்பில் ஆஸ்பத்திரிக்கும் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு பெண் டொக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், கடுதாசிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டா.

"ஐயா, என்ன சாப்பிட்டால் பிடிக்குதெண்டு இவ்வளவு நேரம் சொன்னனீங்கள். எந்த இடத்திலை பிடிக்குது?"

"தாம்போதியிலை. பாலத்தடியிலை."

"ஒவ்வொரு நாளும் அதே இடத்திலையோ?"

"ஓம்."

"உங்கட குடலிலை புண் இல்லை. குடலும் மூளையும் நரம்பாலை ஓயாமல் கதைச்சுக்கொண்டு இருக்கிறதுகள். ஒரு இடத்திலை பெரிய பயம் ஒண்டு நடந்திருந்தால், நீங்கள் மறந்தாலும் வயிறு அதை வைச்சிருக்கும். அந்த இடம் வந்தவுடனை திரும்ப ஆயத்தமாகும். அங்கை ஏதும் நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்லை," என்றேன்.

கோபத்தோடு வெளியே வந்தேன். வயிற்றுக்கு மருந்து கேட்டுப் போனால் தலையில் கோளாறு என்கிறாளே இந்தப் பிள்ளை என்று வழி முழுக்கப் புறுபுறுத்தேன். ஆனால் அவ அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோதும் என் வயிறு ஒரு தரம் இறுகியது. ஆஸ்பத்திரிக் கதிரையில், தாம்போதிக்கு வெகு தூரத்தில். அதை நான் அவவுக்குச் சொல்லவில்லை.

பிறகு விபூதிப் புதன் வந்தது. தவக்காலம் தொடங்குகிற நாள், எங்களுக்கு ஒருசந்தி உபவாசம். முதல் நாள் இரவுக்குப் பின் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சாம்பல் பூசிய நெற்றியோடு பஸ்ஸில் ஏறினேன். பகல் சிலாவத்துறையிலும் பச்சைத் தண்ணீர்தான். கடைப் பக்கம் திரும்பவேயில்லை. என் முன்னால் கோப்பையே இல்லாதபோது அதை யார் பார்க்க முடியும்? இன்றைக்கு நிம்மதியாகத் தாண்டுவேன் என்று ஒருவித அகங்காரத்தோடுதான் திரும்பினேன்.

தாம்போதியில் சில்லு ஏறியது. பிடித்தது. அந்த வருடத்திலேயே மோசமான பிடிப்பு. வெறும் வயிறு, உள்ளே ஒரு பருக்கை இல்லை, ஆனால் குடல் முழுவதும் முறுகிக்கொண்டு நின்றது. பாலத்துக்குச் சற்று முன் நிறுத்திவிட்டு இறங்கினேன். குந்திக்கொண்டே யோசித்தேன். அப்படியென்றால் கடை நானா காரணம் இல்லையா?

அன்றைக்கு என் வழக்கமான கொண்டக்டர் லீவு. பதிலுக்கு வந்தவருக்கு என் சட்டம் தெரியாது. என் பஸ்ஸின் உடம்பில் யாரும் கையால் தட்டக்கூடாது என்பது என் சட்டம். வாயால் ரைட் சொல்ல வேண்டும். பெயின்ற் போய்விடும் என்று எல்லோருக்கும் காரணம் சொல்லி வைத்திருந்தேன், எனக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன். நான் ஏறி உட்கார்ந்ததும், பின் கதவடியில் நின்ற அந்த மனுசர் மற்ற கொண்டக்டர்கள் செய்வது போலத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். ஒரு தரம் தட்டினால் நில், இரண்டு தரம் தட்டினால் போ. இந்த நாட்டில் எந்தச் சாரதிக்கும் தெரிந்த பாஷை அது.

என் கால் என்னைக் கேட்காமலே அழுத்தியது. பஸ் பாய்ந்தது. இறங்கி நின்றுவிட்டு ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா படியில் விழப் பார்த்தா, யாரோ பிடித்துக்கொண்டார்கள். நான் பாலத்தைத் தாண்டிப் பட்டினம் வரும்வரைக்கும் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சண்டைக் காலத்தில் அந்தப் பாலத்தடியில் ஒரு சென்றி, இராணுவக் காவலரண், இருந்தது. பயணிகள் இறங்கி வரிசையில் நடந்து அடையாள அட்டை காட்ட வேண்டும். நான் வெறும் பஸ்ஸைச் சோதனைக்குக் கொண்டுபோய், பாலத்துக்கு அப்பால் அவர்களை ஏற்றுவேன். அப்போது என் கொண்டக்டர் என் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வயது. ஒரு நாள் காலை வரிசையில் காத்திருக்கும்போது, அவள் கட்டித் தந்த பிட்டுப் பார்சலை அவிழ்த்து இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் முறை வந்தது. கையை உதறிக்கொண்டு இறங்கினவன் திரும்பிச் சொன்னான்.

"முழுசா முடிச்சுப்போடாதைங்கோ அத்தான். என்ரை பங்கை வையுங்கோ."

அவனை வரிசையிலிருந்து விலக்கி இடது பக்கமாக நிறுத்தினார்கள். ரிக்கற் பை தோளில் கிடந்தது. நான் பிரேக்கில் காலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும், இறங்க வேண்டும், இவன் என் மச்சான் என்று சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் காவலில் நின்ற ஒருவன் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தரம் தட்டினான். கால் அழுத்திவிட்டது. ஒரு நாளைக்கு நூறு தரம் மச்சான் தட்ட நான் போன பழக்கம். பஸ் நகர்ந்தபின் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்த்தபடி ஓட்டினேன். பாலத்துக்கு அப்பால் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அன்றைய பயணம் முழுவதையும் ஓடினேன்.

பின்னேரம் திரும்பி வந்து கேட்டபோது காவலில் வேறு ஆட்கள். அப்படி யாரையும் தெரியாது என்றார்கள். பாதிப் பிட்டு அதுவரைக்கும் என் சீற்றுக்குக் கீழேதான் இருந்தது. புளித்துவிட்டது. தாம்போதியில் நின்று கடலில் கொட்டினேன்.

மனைவிக்கு வேறு கதை சொன்னேன். "பின்னேரம் வரைக்கும் அங்கையே நிண்டனான். விடேல்லை." அதன் பிறகு நாங்கள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அவன் வரவில்லை. நான் நின்றேன் என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் எல்லோரிடமும் சொல்லுவாள், பெருமையாக. "இவர் இருட்டுப்படும் வரைக்கும் நிண்டவர்." ஒவ்வொரு தவக்காலத்திலும் குருவிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். இதைச் சொன்னதே இல்லை. இரண்டு தட்டுக்குப் பஸ்ஸை எடுப்பது பத்துக் கட்டளைகளில் எதை மீறுவது என்று எனக்கே தெரியவில்லை.

விபூதிப் புதன் கதை உரிமையாளருக்குப் போனது. "இதுதான் கடைசி. இனி ஒருக்கா தாம்போதியிலை நிப்பாட்டினால் திறப்பை மேசையிலை வைச்சிட்டுப் போங்கோ," என்றார். அந்த அம்மா விழுந்திருந்தால் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பகல் நானாவின் கடைக்குள் போய் இருந்தேன். அவர் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு வெளியே போய் றோட்டைப் பார்த்தபடி நின்றார், வெய்யிலில். என் கண்ணில் படக்கூடாது என்று தன் கடையை விட்டே வெளியே போகிற மனுசன். அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நானா, உள்ளுக்கு வாங்கோ. பிழை என்ரைதான். உங்களாலை இல்லை."

அவர் வந்து மேசையின் மறு பக்கம் இருந்தார்.

"நான் கண் வைக்கல்ல அண்ணன். தொண்ணூறில இயக்கம் எங்கட முஸ்லிம் ஆக்கள ஊர விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு, வாப்பா சாப்பிட்டுக்கொண்டு இருந்தாரு. பாதிதான். கை கழுவ நேரமில்ல, சோத்துக் கையோடதான் வள்ளத்தில ஏறினாரு. அதுக்குப் பொறகு புத்தளத்தில இருந்த காலம் முழுக்க ஒரு கோப்பையையும் அவர் முடிக்கல்ல. அங்கதான் மௌத்தானாரு. என் முன்னால ஆராவது சாப்பிட்டா, முடிக்கிறவரைக்கும் எனக்கு வயிறு பதறும். முடிச்சாத்தான் நான் சாப்பிடுவன். நீங்க ஒரு நாளும் ஒழுங்கா முடிக்கிறதில்ல."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் அதைப் பார்க்காதது போலத் தண்ணீர் ஊற்றினார். பாதிப் பிட்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். உலகத்தில் முதல் ஆளாக அவருக்குத்தான் சொன்னேன். இளமையில் அவர் சங்கு குளித்தவராம். அந்தக் கதைக்குப் போனார்.

"குளிக்கிறவனுக்குப் பயம் முதல்ல வயித்திலதான் வரும். வயித்த இறுக்கிக்கொண்டு குதிச்சவன் பாதியிலயே மேல வந்திருவான். வள்ளத்து விளிம்பில இருந்து மூச்ச மெல்ல வெளிய விடோணும். இழுக்கிறது பெரிசில்ல, தானா வரும். விடுறதுதான் வேல. நீங்க மூச்சு விடாமச் சாப்பிடுறீங்க, அதயும் பாத்திருக்கன்."

தாம்போதி முழுக்க அதைச் செய்தேன். ஊது குழல் ஊதுகிறவன் மாதிரி உதட்டைக் குவித்து, ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் மூச்சை விட்டேன். கொண்டக்டருக்கு நான் விசில் பழகுகிறேன் என்று நினைப்பு. பிடிப்பு போகவில்லை. ஆனால் பிடித்தாலும் பாலத்தைத் தாண்ட முடிந்தது. மூன்று கிழமை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. உரிமையாளர் என்னைக் கண்டு சிரித்தார்.

வீட்டில்தான் முடியவில்லை. பின்னேரம் கிண்ணத்தோடு அவள் வருவாள். "இண்டைக்கு ஆர் பாத்தது?" அந்தக் கேள்விக்கு எந்த மூச்சும் உதவவில்லை. வீட்டுக் கதிரையிலேயே வயிறு பிடிக்கத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குப் போய் வந்த சேலையோடு அவள் ஊதி முடித்துக் கேட்டபோது சொன்னேன்.

"ஒருத்தரும் பாக்கேல்லை. உன்ரை தம்பிதான் பாத்தவன். நான் அண்டைக்கு நிக்கேல்லை. தட்டினாங்கள், எடுத்துக்கொண்டு போட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன், பிட்டைக் கடலில் கொட்டியது வரைக்கும். அவள் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி கேட்டாள். பிறகு வாசலுக்குப் போய் அந்தத் தண்ணீரை மணலில் ஊற்றினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கும். நான் முடித்துக் கழுவி வைப்பேன். அவள் போய்விடுவாளோ என்று பயந்தேன். தங்கை வீட்டுக்கு அவள் பெட்டி கட்டினால் மறிக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, காலைப் பயணத்துக்குப் பஸ் நிலையத்தில் வந்து நின்றாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலை. எனக்குப் பின்னால் இருந்த முதல் சீற்றில் இருந்துகொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பட்டினம் கழிந்தது. பாலம் வந்தது. நான் உதட்டைக் குவித்து ஊதத் தொடங்கினேன்.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ."

உரிமையாளரின் மேசை கண்ணுக்கு முன்னால் வந்தது. நிறுத்தினேன். (திறப்பை அவர் அன்று பின்னேரமே வாங்கிக்கொண்டார். வேறு ஆள் கிடைக்காமல் ஒன்பதாம் நாள் திருப்பித் தந்தார். அது வேறு கதை.) அவள் இறங்கினாள். நானும் இறங்கினேன். சென்றி இருந்த இடத்தில் வெடித்த சீமெந்தும் கொஞ்சம் புல்லும்தான் இருந்தன.

"எந்தப் பக்கம் நிண்டவன்?"

இடது பக்கத்தைக் கையால் காட்டினேன்.

"நீங்கள் போகேக்கை உங்களைப் பாத்தவனோ?"

"ஓம். கண்ணாடியிலை கண்டனான்."

அவள் அங்கே போய் நின்றாள். அவன் நின்ற இடத்தில், பஸ்ஸைப் பார்த்தபடி. கொண்டக்டர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, ஏறுங்கோ என்று தலையால் காட்டினாள். நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவள் தன் சீற்றுக்கு வரவில்லை. பின் கதவடிக்கு நடந்து போய், தம்பி அந்த நாளில் நின்றது போலப் படியில் ஏறி நின்று, தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினாள்.

என் கால் அசையவில்லை.

அவள் பொறுத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு தரம் தட்டினாள், மெல்ல. நான் மூச்சை விட்டேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், அவள் படியில் நின்றாள். அதன் பிறகுதான் பஸ்ஸை எடுத்தேன். வயிறு அப்போதும் இறுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஏன் என்று இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.